பெரியம்மாவும் அம்மாதான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஓவர்டைம் கணக்கு, லேட்டாக வருவது, இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு எல்லாம் தினமும் வரும், பேசினால் தீர்ந்துவிடும். என்னைத் தூங்கவிடாதது துக்க விடுப்புதான்.

போன மாதம் பேக்கிங் சூப்பர்வைசர் ஒரு ஃபைலோடு வந்தார். இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனிதர். பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். "இந்தப் பொண்ணு வியாழன், வெள்ளி வரலை. அம்மா இறந்துட்டாங்கன்னு மெசேஜ். ஆனா மூணு வருஷத்துக்கு முன்னாடியே அம்மா செத்ததுக்கு லீவு எடுத்திருக்கு. எத்தனை அம்மா?" பொய் சொன்னதற்காக விசாரணை வைத்து வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் இறந்தது என்று கேட்டேன். பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். இங்கே இறுதிச்சடங்கில் அச்சடித்துக் கொடுக்கும் நிகழ்ச்சி நிரல். மேலே தலைத்துணி கட்டிய ஒரு வயதான அம்மாவின் படம். மடிப்பு சரியாக முகத்தின்மேல் விழுந்திருந்தது. அதை விரலால் நீவிக்கொண்டே, "மம்குலு" என்றார்.

ஜூலு மொழியில் அம்மாவின் அக்காவுக்கு மம்குலு. குலு என்றால் பெரிய. அப்படியே நம் பெரியம்மா! பெற்றவர் டர்பனுக்கு வீட்டுவேலைக்கு வந்துவிட, நோங்கோமாவில் இவரை வளர்த்தவர் அந்த மம்குலுதான். அவர் வாயில் அது அம்மாதான். நம் வீடுகளில் மட்டும் என்ன வேறு மாதிரியா?

சட்டத்தில் அந்தப் பெரியம்மாவுக்கு இடம் இல்லை. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், 27ஆம் பிரிவு, குடும்பப் பொறுப்புக்காக வருடத்துக்கு 3 நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. யார் இறந்தால் என்று ஒரு பட்டியல் உண்டு: கணவன் மனைவி அல்லது வாழ்க்கைத் துணை, பெற்றோர், தத்துப் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, தத்துப்பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். அவ்வளவுதான். பெரியப்பா, சித்தி, அத்தை, தாய்மாமா யாரும் இல்லை. மாமியார் மாமனார்கூட இல்லை. கூட்டுக்குடும்பத்தில் வளராத யாரோ எழுதிய பட்டியல் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தச் சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்குமேல் கொடுக்க எந்த முதலாளிக்கும் தடை கிடையாது. பல இடங்களில் கொடுக்கவும் செய்கிறார்கள், ஆனால் மேனேஜரின் மனசைப் பொறுத்து. ஒருவருக்குச் சரி, இன்னொருவருக்கு வார்னிங் லெட்டர். என் கோபம் அங்கேதான். தயவாகக் கொடுக்காமல் விதியாக எழுதிவையுங்கள்.

எங்கள் கம்பெனி விடுப்பு விதியில் நான் கேட்பது ஒரே ஒரு வரி: "தொழிலாளியை வளர்த்தவர், மற்றும் கணவன் அல்லது மனைவியின் பெற்றோர்." கூட்டத்தில் சொன்னதும், எல்லோருக்கும் பத்து அம்மா முளைத்துவிடுவார்கள் என்றார்கள். முளைக்கட்டுமே! நாள் கூடவில்லையே, வருடத்துக்கு அதே 3 நாள்தானே? சான்றும் கேட்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. நல்ல ஆளை அவசரப்பட்டு அனுப்பிவிட்டு, அவர் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்துக்குப் போனால், யார் இறந்தது என்று கேட்டீர்களா என்ற கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்வது?

அந்தப் பெண்மேல் விசாரணை வைக்கவில்லை. சூப்பர்வைசரே போய் அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். ஆனால் அந்த இரண்டு நாளையும் அவருடைய வருட விடுப்பில்தான் கழிக்க முடிந்தது. படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது எனக்கு மனசே இல்லை. அவரோ நன்றி சொல்லிவிட்டுப் போனார், அதுதான் இன்னும் வலிக்கிறது.

அடுத்த வாரம் மறுபடி கூட்டம். அந்த வரியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோபர்க் பக்கம் வேலை செய்கிறவர்கள் உங்கள் கம்பெனி விடுப்பு விதியை எடுத்துப் பாருங்கள். மாமியாரோ பெரியம்மாவோ அதில் இருந்தால், அந்த வரியை அப்படியே எனக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் காட்ட வேண்டும்.