ஆறு வட்டங்களைக் கடந்தால்தான் மாத்திரை

நேற்று இரவு மருந்துக் கடையில் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்கு 340 ரூபாய் செலுத்தக் கட்டணச் செயலியைத் திறந்தேன். திரை முழுவதும் இருண்டு, மேல் மூலையில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் ஒளிர்ந்தது. 'புதிய வசதி, இங்கே தொடுங்கள்' என்றும் அதன் கீழே '1/6' என்றும் எழுதியிருந்தது. எனக்கு வேண்டிய ஸ்கேன் பொத்தான் அந்த இருட்டுக்குள் மங்கலாகத் தெரிந்தும், எத்தனை முறை தொட்டாலும் அசையவில்லை. தவிர்த்துச் செல்ல வழியும் வைக்கவில்லை. இரண்டாவது வட்டம் தங்கச் சேமிப்பைக் காட்டியது, மூன்றாவது கடனைக் காட்டியது, நான்காவதோ பல ஆண்டுகளாக நான் தினமும் தொடும் முகப்புப் பொத்தானையே எனக்கு அறிமுகம் செய்தது. பொறுக்காமல் பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் செயலி மூடிக்கொண்டது. மீண்டும் திறந்து, ரகசிய எண்ணை இட்டால், மறுபடியும் 1/6. பின்னால் நின்றவர், "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது வட்டம்வரை போனால், அதைத் தொட்டவுடன் காப்பீட்டு விண்ணப்பம் திறந்தது. கடைசியில் 500 ரூபாய்த் தாளை நீட்டினேன்.

'காட்டியாயிற்று' என்ற குறிப்பைக் கடைசி வட்டம் முடிந்த பிறகே சேமிப்பதால்தான், பாதியில் வெளியேறுபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் வட்டம் தோன்றும்போதே அதைச் சேமிப்பது பெரிய வேலையே அல்ல. இப்படிப்பட்ட ஒரு அறிமுக வட்டம் எப்போது, எத்தனை முறை தோன்றலாம் என்பதை வரையறுக்கவும், அந்த வசதியை ஏற்கெனவே பயன்படுத்தியவருக்கு அதைக் காட்டாமல் நிறுத்தவும் ஆப்பிள் 2023இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17உடன் செயலி எழுதுவோருக்கு டிப்கிட் என்ற கருவியையே கொடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டிலும் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. மனம்தான் இல்லை.

பார்வையற்றோர் நம்பியிருக்கும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக், இத்தகைய திரை சரியாக எழுதப்படாவிட்டால், இருட்டுக்குப் பின்னால் இருக்கும் பொத்தான்களையே வாசித்துக்கொண்டிருக்கும்; வழியை மறித்து நிற்பது எது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இன்று காலை அம்மா, "போன் கெட்டுப்போச்சுடா" என்று தன் கைப்பேசியை நீட்டினார். அதே செயலி, அதே வட்டம். கண் பார்வைக்காக அவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் விளக்கம் வீங்கி, 'அடுத்து' என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்திருந்தது. முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல், தானே எதையோ தவறாகத் தொட்டுவிட்டதாக எண்ணி, இரண்டு நாளாக அதை என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறார்.