யாரும் படிப்பிக்காத ஒரு போயா நாள்

போன போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) காலை எட்டரைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரி மண்டபத்தில் இருந்தேன். போயா என்பதால் அங்கே வகுப்புகள் இல்லை. இடத்தை நடத்துபவர் வாடகை வாங்காமல் நான்கு அறைகளைத் திறந்துவிட்டிருந்தார். வந்தது 31 பேர், எல்லாரும் தமிழ் மொழி மூலம் படிப்பிக்கிற ஆசிரியர்கள். கொட்டாஞ்சேனை, தெமட்டகொட, பம்பலப்பிட்டி, வத்தளை என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருவர் அவிசாவளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பிரதம விருந்தினர் இல்லை, வரவேற்புரை இல்லை. சுவரில் ஒரு டிமைத் தாள் மட்டும் ஒட்டியிருந்தது. அதில் மூன்று அறை, மூன்று நேரம் என்று ஒன்பது வெற்றுக் கட்டங்கள். கீழே நாலைந்து மார்க்கர் பேனைகள்.

"எதைப் பற்றிக் கதைக்க வேண்டுமோ அதை நீங்களே எழுதுங்கள். எழுதினவர் விரிவுரை செய்யத் தேவையில்லை, கேள்வி இருந்தால் போதும்" என்று ஏற்பாடு செய்த டீச்சர் சொன்னார். ஐந்து நிமிடம் ஒருவரும் எழும்பவில்லை. எனக்கும் கை வரவில்லை. நான் 14 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பயிற்சிக் கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டவுடன் பதில் வந்துவிடுவதில்லை. அந்தப் பழக்கமே நமக்கு விட்டுப்போயிருக்கிறது.

பிறகு ஓர் ஆரம்பப்பிரிவு டீச்சர் எழும்பிப் போய் எழுதினார்: "தரம் 5 வரை வந்தும் வாசிக்க முடியாத பிள்ளை." அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிடத்தில் ஒன்பது கட்டமும் நிறைந்து, இரண்டு தலைப்புகளை ஒன்றாக்க வேண்டியும் வந்தது.

இந்த முறை எங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. 1985இல் ஹரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் தொடங்கிய 'ஓப்பன் ஸ்பேஸ்' (Open Space) என்ற கூட்ட முறை இதற்கு மூலம். பெரிய மாநாடு ஒன்றைப் பாடுபட்டு நடத்தி முடித்த பிறகு, அதில் எல்லாருக்கும் பிடித்தது தேநீர் இடைவேளைதான் என்று அவருக்கு விளங்கியது. சரி, இடைவேளையையே கூட்டமாக்கினால் என்ன என்று யோசித்திருக்கிறார். ஆசிரியர்கள் இதைப் பிறகுதான் கையில் எடுத்தார்கள். 2006இல் எடின்பரோவில் டீச்மீட் தொடங்கியது. அங்கே ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் செய்து பார்த்ததை ஏழு நிமிடத்தில், இல்லாவிட்டால் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். 2010இல் பிலடெல்பியாவில் எட்கேம்ப் வந்தது. கட்டணம் கிடையாது, நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே அன்று காலையில் போடுவார்கள். நாங்கள் செய்தது ஏறக்குறைய அதைத்தான். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருகிற ஆசிரியர் வழிகாட்டிகளை வைத்துத்தான் நான் இன்றும் பாடம் திட்டமிடுகிறேன். அவற்றை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் வழிகாட்டியில் இல்லாத ஒன்று அன்றைக்குக் கிடைத்தது. அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

நான் போன முதல் அறையில் ஒன்பது பேர் இருந்தோம். தெமட்டகொடையிலிருந்து வந்த சேர் ஒருவர் தன் பையிலிருந்து சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு பிள்ளையின் கொப்பி. பெயரிருந்த அட்டையைக் கடதாசியால் மறைத்திருந்தார். உள்ளே மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டினால் ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தது. நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். இந்தப் பிழையைப் பார்க்காத கணித ஆசிரியர் இலங்கையிலேயே இருக்க மாட்டார். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டிவிடுகிறார்கள், பொது மடங்கு எடுக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நானும் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். ஆனால் பிள்ளை விடவில்லை" என்றார் சேர். அந்தப் பையன் கேட்டது இதுதான்: "சேர், முதல் டெஸ்டில் மூன்று கேள்வி, எனக்கு ஒன்று சரி. அடுத்த டெஸ்டில் நாலு கேள்வி, எனக்கு ஒன்று சரி. மொத்தம் ஏழு கேள்வியில் ரெண்டு சரி. அப்ப எப்படிப் பிழையாகும்?"

அறை அமைதியாகிவிட்டது. பையன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கணக்கு சரி. நாங்கள் கேட்ட கணக்குத்தான் வேறு. அன்றைக்கு வகுப்பில் தனக்குப் பதில் வரவில்லை என்று அந்தச் சேர் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் சேவையில் இருக்கிற ஒருவர் எட்டுப் பேருக்கு முன்னால், "எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் கொண்டுவந்தேன்" என்று சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை.

நாற்பது நிமிடம் அந்த ஒரு வரியைப் பற்றியே கதைத்தோம். ஒருவர் கடதாசி நாடா ஒன்றை வெட்டி ஒரு பக்கம் மூன்றாகவும் மறுபக்கம் நான்காகவும் மடித்துக் காட்டினார். பன்னிரண்டு சம துண்டு வருகிறது, நாலும் மூன்றும் ஏழு, ஆகவே பன்னிரண்டில் ஏழு. இன்னொருவர், ஏழில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றைவிடச் சிறியது, கூட்டின பிறகு எப்படிக் குறையும் என்று பிள்ளையிடமே கேட்கலாம் என்றார். நல்ல கேள்வி. ஆனால் பையனின் டெஸ்ட் கணக்குக்கு அதுவும் பதில் இல்லை.

திருப்பம் வந்தது கணித ஆசிரியரிடமிருந்து இல்லை. தமிழ் படிப்பிக்கிற ஒரு டீச்சர், தவறிப்போய் எங்கள் அறைக்கு வந்தவர், மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் 'மூன்றில் ஒன்று' என்கிறீர்கள். எதில் மூன்றில் ஒன்று என்று சொல்கிறீர்களா?" மருதானைப் பக்கம் படிப்பிக்கிற இன்னொரு டீச்சர் உடனே, சிங்களத்திலும் அப்படித்தானே, 'துனென் எகக்' என்கிறோமே என்றார். இரண்டு மொழியிலும் எண் மட்டும் வருகிறது, எந்த முழுவின் பங்கு என்பது சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. பையன் இரண்டு வெவ்வேறு முழுக்களை, இரண்டு டெஸ்டை, ஒன்றாக்கினான். நாங்கள் ஒரே ரொட்டியின் இரண்டு துண்டுகளைக் கேட்டோம். அந்த ரொட்டி வினாத்தாளில் எங்கேயும் இல்லை.

அப்புறம் அந்தத் தமிழ் டீச்சரே பாணுக்கு வந்தார். கால் இறாத்தல் பாணும் அரை இறாத்தல் பாணும் வாங்கினால் எவ்வளவு என்று கேட்டால் தரம் 4 பிள்ளையும் முக்கால் இறாத்தல் என்று சொல்லும். எந்தப் பிள்ளையும் கீழே உள்ளதைக் கூட்டாது. ஏனென்றால் இறாத்தல் என்ற முழு அங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கால், அரை, முக்கால் என்ற சொற்களோடு கடைக்குப் போய்வருகிற பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்தில் நாங்கள் முழுவைப் பறித்துவிட்டு எண்ணை மட்டும் கொடுக்கிறோம். பின்னம் படிப்பிக்கிறபோது "எதில்?" என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது 14 வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு கொப்பியும் ஒரு தமிழ் டீச்சரும் பாணும் சேர்ந்து அதை எனக்குக் காட்டின.

ஏன் இது கருத்தரங்கில் நடப்பதில்லை என்று வீட்டுக்கு வரும்போது 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி யோசித்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சியில் நானும் இப்படி ஒரு கேள்வியோடு கை தூக்கினேன். "அது இன்றைய தலைப்பில் இல்லை" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்டவர் இல்லை. மாலை நாலு மணிக்குள் முடிக்க வேண்டிய ஸ்லைட்கள் அவர் கையில் இருந்தன. ஆனால் நான் அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியிலும் கை தூக்கவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அது எங்கேயாவது பதியப்படும், அதிபர் காதுக்குப் போகும், மேற்பார்வைக்கு வருகிறபோது ஞாபகம் வைத்திருப்பார்கள் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயம் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளையின் கொப்பியை யாரும் விரித்துவைக்கப் போவதில்லை. அந்தப் போயா அன்றைக்குப் பதிவேடு இல்லை, சான்றிதழ் இல்லை, அதிகாரி இல்லை. அதனால்தான் அந்தச் சேரால் அப்படிச் சொல்ல முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"பயிற்சி கொடுக்கிற வளவாளர் இல்லாமல் ஆசிரியர்கள் கூடினால் வெறும் ஊர்க்கதைதான் மிஞ்சும்" என்று என்னோடு படிப்பிக்கிற ஒருவர் சொன்னார். அவருக்கு 2020ஐ ஞாபகப்படுத்தினேன். மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது சூம் எப்படித் திறப்பது என்று எங்களுக்கு யார் படிப்பித்தார்கள்? இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிப் படித்தோம். போன் இல்லாத பிள்ளைக்குப் பாடத்தைப் பிரதி எடுத்துக் கடையில் கொடுத்து வைக்கலாம் என்பதையும் ஒருவரைப் பார்த்துத்தான் மற்றவர் செய்தோம். அதை அப்போது யாரும் ஊர்க்கதை என்று சொல்லவில்லை.

ஆனால் அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. மறைக்கக் கூடாது. இரண்டாவது நேரத்தில் நான் போன அறையில் தலைப்பு 'வகுப்பில் கைப்பேசி'. அங்கே மூத்தவர் ஒருவர் 25 நிமிடம் தனியாகக் கதைத்தார். அந்தக் காலத்துப் பிள்ளைகள், இந்தக் காலத்துப் பெற்றோர் என்று போய்க்கொண்டே இருந்தது. ஓவனின் முறையில் இதற்கு 'இரண்டு கால் விதி' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் படிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விடலாம், யாரும் கோபிக்கக் கூடாது. காலையிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எழும்பினது ஒருவரும் இல்லை. எனக்குப் பக்கத்தில் கல்வியியற் கல்லூரி முடித்து இரண்டு வருடமான ஒரு தங்கச்சி இருந்தார். பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "எழும்பிப் போகலாமே" என்று காதில் சொன்னேன். "எப்படி அக்கா, சேர் கதைக்கிறாரே" என்றார். நானும் எழும்பவில்லை. பெரியவர் கதைக்கிறபோது எழும்பிப் போவதை நாங்கள் மரியாதைக் குறைவு என்று படித்து வளர்ந்தவர்கள். அது ஒரு காலைப் பொழுதில் மாறப் போவதில்லை, மாற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆகவே அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேலை செய்யாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பாடசாலை மணி மாதிரி ஒரு மணி அடித்து எல்லாரையும் எழும்பவைத்து, விரும்பியவர் வேறு அறைக்குப் போகட்டும் என்று விட்டால் நடக்கும். மணி அடித்தால் எழும்புவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம், யாருக்கும் மனம் நோகாது. ஏற்பாட்டாளர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. அன்றைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆறு பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நான்காவது அறையில் பாய் விரித்து, வண்ணப் பென்சில் கொடுத்து, ஒருவர் மாறி ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது இல்லாவிட்டால் அந்த ஆறு பேரும் வந்திருக்க முடியாது. வாசிக்க முடியாத பிள்ளையைப் பற்றி முதலில் எழுதினவரும் அந்த ஆறு பேரில் ஒருவர். போயா நாளில், சொந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து படிக்கிற ஆசிரியர்களைப் பற்றி யாராவது 'ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது.

இது விடுமுறையில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. தவணைக்கு ஓர் அரை நாள், அருகிலுள்ள நாலைந்து பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு நேரம் தரலாம். நேரத்தையும் அறையையும் தாருங்கள், படிவத்தைத் தர வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். புதிய பாடத்திட்டம், புதிய சுற்றறிக்கை, பரீட்சை அமைப்பில் மாற்றம் என்றால் தெரிந்தவர் முன்னால் நின்று சொல்லத்தான் வேண்டும். அதற்குக் கருத்தரங்கு இருக்கட்டும். ஆசிரிய ஆலோசகர்களும் வரட்டும், ஆனால் அன்றைக்கு அவர்களும் ஒரு கேள்வியோடு வரட்டும்.

கடைசி விஷயம். அடுத்த கிழமை தரம் 6இல் கடதாசி நாடாவையும் பாணையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் நான் பின்னம் சொல்ல, பிள்ளைகள் "எதில்?" என்று கத்தினார்கள். பாடம் நன்றாகப் போனது. பிறகு அந்தப் பையனின் டெஸ்ட் கணக்கையும் பலகையில் எழுதி, இதுவும் சரி, ஆனால் இது பின்னம் கூட்டுவதில்லை என்று விளக்கினேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப டீச்சர், மூன்று கேள்வி டெஸ்டும் முப்பது கேள்வி டெஸ்டும் எழுதினால், இப்படிக் கூட்டுவது நியாயமா?"

மணி அடித்துவிட்டது. கேள்வியைக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த போயாவுக்கு அந்தக் கொப்பியோடுதான் போகிறேன்.