அந்த ஸ்ட்ராவை ஏன் மாற்றினீர்கள்?

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அந்தப் பள்ளி அறிவியல் நிகழ்ச்சி வீடியோதான்: நூலை இழுத்து அட்டைத் தட்டைச் சுற்றி, அதில் ஒட்டிய ஸ்ட்ராவில் உள்ள கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்துக் காட்டவேண்டும். அட்டைத் தட்டு சுற்றி நிற்கிறது, ஸ்ட்ராவில் களிமண் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது. கேமரா சிறப்பு விருந்தினரைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் பளிங்காகிவிட்டது! "சார், அது நம்ம ஸ்ட்ரா இல்ல" என்று ஒரு பிள்ளை சொல்வது கைதட்டலில் அமுங்கிப்போகிறது.

பேனரில் 'ஸ்டான்ஃபோர்டு ஆய்வு' என்று கொட்டை எழுத்து வேறு. அங்கே நடந்தது என்ன? உகாண்டாவில் மின்சாரம் இல்லாத இடத்தில் ஒரு சென்ட்ரிஃபியூஜ் (ரத்தம் போன்றவற்றை வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் கருவி) கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததைப் பார்த்தார் ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானி மனு பிரகாஷ். அவர் குழு கையால் சுற்றும் பொம்மைகளைச் சோதித்தது. யோ-யோவுக்கு வேகம் போதவில்லை. பிறகுதான், நம் பிள்ளைகள் சோடா மூடியைத் தட்டி நூல் கோத்துச் சுற்றுகிற அதே வித்தைக்கு வந்தார்கள். 2017-ல் வெளியிட்ட கணக்கு: நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, புவியீர்ப்பைப்போல் 30,000 மடங்கு விசை, கருவியின் எடை 2 கிராம், செலவு 20 சென்ட். யோ-யோ சரிவராததை மூடி மறைத்திருந்தால் இதெல்லாம் ஏது? நீங்களோ ஸ்ட்ராவை மாற்றிவிட்டீர்கள்.

அது ஏன் தெளியவில்லை என்பது வீடியோவிலேயே தெரிகிறது. தட்டு தள்ளாடுகிறது. ஓட்டைகள் இரண்டும் மையத்திலிருந்து சம தூரத்தில் இல்லை, ஸ்ட்ராவும் ஒரு பக்கம் மட்டும். 10 செ.மீ. அட்டை வட்டத்தில் மையத்துக்கு இருபுறமும் 2 மி.மீ. தள்ளி ஓட்டை போடுங்கள். நூல் அட்டையை அறுக்கும், அதனால் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டி அதன் துளை வழியே நூலைக் கோத்துவிடுங்கள். ஒன்றரை மீட்டர் பின்னிய நைலான் நூல், பிடிக்க இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. தையல் நூல் பிசிறு பிசிறாகி அறுந்துவிடும். 3 செ.மீ. ஸ்ட்ராக்கள் இரண்டு, எதிரெதிரே, மையத்திலிருந்து வெளிநோக்கி, விளிம்போடு படுக்கவைத்து அல்ல. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், முனைகளைச் சூடாக்கி அழுத்தி மூடவேண்டும். முறுக்கு அவிழும்போது இழு, மறுபடி முறுக்கிக்கொள்ளும்போது விடு. இடைவிடாமல் இழுத்தால் தட்டு நின்றுவிடும், வீடியோவில் நூலை இழுக்கிற அண்ணன் செய்தது அதைத்தான். சுழற்சி திசை மாறினாலும் விசை வெளிப்பக்கமே இருக்கும், பயம் வேண்டாம். ரத்தம் வேண்டவே வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

மூன்றாவதாக, சுற்றாத ஒரு ஸ்ட்ரா பக்கத்தில் நிற்கவேண்டும். சாக்பீஸ் தூள் தானாகவே சில நிமிடத்தில் அடியில் படிந்துவிடும், அதைச் சுற்றிக்காட்டி 'பிரிந்தது பார்' என்பது ஏமாற்று. வேகத்தையும் அளக்கலாம். தட்டில் ஒரு கருப்புக் கோடு, போனில் நொடிக்கு 240 படம். நிமிடத்துக்கு 7,200 சுற்றைத் தாண்டினால் கோடு பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைந்த வேகத்தைக் காட்டும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 3,000 சுற்று, மையத்திலிருந்து 4 செ.மீ. தூரம் என்றால் சுமார் 400 மடங்கு விசை. வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. ஏழாம் வகுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

"நேரமில்லை, விருந்தினர் காத்திருந்தார்" என்கிறீர்கள். காத்திருக்கட்டுமே. "ஆசிரியரை மட்டம் தட்டுகிறீர்கள்." இல்லை. பாடத்தை முடிக்கவே நேரமில்லாமல் ஓடுகிற ஆசிரியரின் நிலை எனக்குத் தெரியும், அந்த நெருக்கடி உண்மை, இதில் நான் கொஞ்சம் இறங்கிவருகிறேன். ஆனால் "கான்செப்ட் புரிந்தால் போதும், எந்த ஸ்ட்ரா என்றால் என்ன?" என்று கேட்டவர்களிடம் பேச எனக்குப் பொறுமையில்லை. அதற்குப் படம் வரைந்து காட்டலாமே, பிள்ளைகளின் கை வலிக்கச் சுற்றச் சொல்வானேன்?

இன்னொருவர், "கிட் தரமில்லை, நல்ல கிட் வாங்கியிருக்கலாம்" என்கிறார். அட்டைக்கும் பொத்தானுக்கும் கிட்டா? கலங்கிய ஸ்ட்ரா கையில் இருந்தது, தள்ளாடும் தட்டு இருந்தது, "அது நம்ம ஸ்ட்ரா இல்ல" என்று சொல்லும் பிள்ளை இருந்தாள். கேள்வி கேட்க வேறென்ன வாங்கவேண்டும்?

அவளுடைய ஸ்ட்ராவைக் குப்பையில் போடாமல் யாராவது வைத்திருந்தால், மூடிய முனையைப் பாருங்கள். அட்டையில் ஈரக்கறை இருந்தால் கசிந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் இன்னொன்று ஒட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அவளிடமே கொடுங்கள்.