ஒரு மதிப்பை மாற்றச் சொன்னால் அதை மட்டும் மாற்றுங்கள்

பாம்பனைச் சேர்ந்த தம்பி ஒருவன், விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் என்ஜின் 4-இல் சிறிய விளையாட்டு ஒன்றைச் செய்துவருகிறான். தூக்குப்பாலம் திறக்கும் நேரம் பார்த்துப் படகைக் கடத்த வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில் மவுஸ் வேகத்தை மட்டும் மாற்றுவதற்காகப் பைத்தான் நிரல்மொழியில் அத்தகைய கோப்புகளைப் படித்து எழுதும் நூலகமான கான்ஃபிக்பார்சரைக் கொண்டு பத்து வரி நிரல் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன் வந்தது: "அண்ணே, ஹார்ன் மட்டும்தான் அடிக்குது."

என்ஜின் கிளப்ப, நிறுத்த, நங்கூரம் தூக்க, ஹார்ன் அடிக்க என்று நான்கு வரிகள் அந்தக் கோப்பில் இருந்தன. நான்குக்கும் சாவி, அதாவது சமக்குறிக்கு முன் வரும் பெயர், ஒன்றே: கூட்டல் குறியுடன் தொடங்கும் ஆக்‌ஷன்மேப்பிங்ஸ். அன்ரியலில் அந்தக் குறி "பட்டியலில் இதையும் சேர்" என்று பொருள்படும். கான்ஃபிக்பார்சரோ ஒரே சாவி இருமுறை வந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். அந்தக் கண்டிப்பை அணைத்தால் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்ளும். அணைத்தவன் நான்தான். போதாக்குறைக்குச் சாவிகள் எல்லாம் சிறிய எழுத்துக்கு மாறி, கமென்ட்களும் அழிந்திருந்தன. "ஸ்பேஸ் பார் வேண்டாம், மாமா லேப்டாப்பில் உப்புக்காற்று பட்டு ஒட்டிக்கொள்கிறது" என்று அவன் எழுதிவைத்திருந்த குறிப்பும் அவற்றோடு போயிற்று.

கோப்பைப் படித்தவுடன் அதைச் சாவியும் மதிப்புமாகப் பிரித்து, சாவிக்கு ஒரு மதிப்பே வைக்கும் டிக்‌ஷனரியில் போட்டுவிடுவதுதான் இத்தகைய நூலகங்களின் அடிப்படைக் கோளாறு என்பது என் கருத்து. விளையாட்டு நிறுவனமான வால்வின் கீவேல்யூஸ் என்னும் கோப்பு வடிவத்திலும் ஒரே சாவி பலமுறை வரலாம். அதைப் படிக்கும் பைத்தானின் விடிஎஃப் நூலகம் அதற்கென்றே தனி வகை ஒன்றை வைத்திருந்தும் கமென்ட்களைக் காப்பதில்லை. இது முடியாத வேலையும் அன்று. டாம்ல் என்னும் அமைப்புக் கோப்பு வடிவத்துக்கான டாம்ல்கிட் நூலகம் கமென்ட், இடைவெளி, வரிசை அனைத்தையும் இருந்தபடியே திருப்பித் தருகிறது.

அமைப்புக் கோப்பு இயந்திரத்துக்கு உரியது, மனிதர் அதில் கை வைக்கலாகாது என்று வாதிடுவோர் உண்டு. விளையாட்டுகளைப் பொறுத்தவரை இது பொருந்தாது. 1996-இல் வந்த குவேக் விளையாட்டு, வெளியேறும்போது கான்ஃபிக் கோப்பைத் தானே திருப்பி எழுதினாலும், தொடங்கும்போது ஓடும் கட்டளைகளைக் கொண்ட ஆட்டோஎக்ஸெக் கோப்பை ஆடுபவர் கைக்கே விட்டுவைத்தது. நோட்பேடில் திறந்து தட்டிப்பார்த்துத்தான் நம்மில் பலர் கணினியையே கற்றோம்.

ஆகவே இப்போது வரிகளை வரிகளாகவே வைத்திருந்து, கேட்ட மதிப்பை மட்டும் மாற்றும் சிறு நூலகம் ஒன்றை நானே எழுதிவருகிறேன். அதற்கு வைத்திருக்கும் முதல் சோதனை, எதையும் மாற்றாமல் படித்து எழுதினால் பைட்டுக்குப் பைட் அதே கோப்பு வர வேண்டும் என்பதே. முதல் ஓட்டத்திலேயே அது தோற்றது. பழைய நோட்பேட், கோப்பின் தலையில் வைத்திருந்த, எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் மூன்று பைட் பிஓஎம் குறியைப் படிக்கும்போது நீக்கிய நான், எழுதும்போது திரும்ப வைக்க மறந்திருந்தேன்.