அந்த முகத்தை வெளுக்காதீர்கள்

சினிமாவைப் பார்த்து டிஜிட்டலில் முகம் கீறுகிற நம் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கீறுவிக்கிறவர்களும் வாசித்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களிடம் வருகிற ஓடர்களில் முக்கால்வாசி சினிமா போஸ்டர் கேட்டுத்தான் வருகிறது. புதுப்படம் வந்தால் ரசிகர்கள் ஹீரோவைக் கேட்பார்கள், அது வழக்கம். அதைவிட அதிகமாக வருவது வீட்டு ஓடர்கள். பிறந்தநாளுக்குத் தம்பியை அந்த ஹீரோ நிற்கிற மாதிரி வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளையைக் காதல் படத்து ஜோடியாக்க வேண்டும். சாமத்தியவீட்டு வாசலில் வைக்கிற பெனரில் பிள்ளை இளவரசியாக நிற்க வேண்டும். கண்ணீர் அஞ்சலிகூட இப்போது போஸ்டர் பாணிதான்: மேலே பெரிய முகம், கீழே சின்ன உருவங்கள், நடுவில் புகை, ஒரு பக்கம் செம்மஞ்சள் வெளிச்சம், மறுபக்கம் நீலம்.

இதைக் குறைவாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "நடிகர்மார்ர முகத்தத்தான் கீறுறீங்க, சொந்தமா ஒண்டும் இல்லையா?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பெனர் வரைந்து பிழைத்தவர்தான். முகம் பழகுகிற ஒருவருக்குச் சினிமா பெரிய பள்ளிக்கூடம். ஒரே முகத்தைக் காலை வெயிலில், லாந்தர் வெளிச்சத்தில், மழைநாள் ஜன்னலோரத்தில் என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள், அதுவும் வெளிச்சத்தையே படித்தவர்கள் காட்டுகிறார்கள். 'காட்ஃபாதர்' (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே வைத்துக் கண்குழிகளை இருட்டுக்குள் விட்டார். அந்த ஒரு முகத்தை ஒழுங்காகக் கீறிப் பாருங்கள், புருவ எலும்பு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். ஆகவே, கீறுங்கள். தாராளமாக நடிகர்களைக் கீறுங்கள்.

என் கோபமெல்லாம் நிறத்தின் மேல்தான்.

ஸ்மட்ஜ் பெயின்டிங் என்று ஒரு முறை முகநூல் முழுக்க ஓடுகிறது. ஃபோட்டோஷொப்பில் போட்டோவை வைத்து, ஸ்மட்ஜ் டூலால் தோலை இழுத்து இழுத்து மயிர்த்துளை எல்லாம் மறையும்வரை வழவழப்பாக்குவது. பிறகு முடியைத் தனித்தனிக் கோடாகப் போடுவது, கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பது. முறையில் எனக்குக் குறை இல்லை, முடி போடுவதற்கு நல்ல கைப்பழக்கமும் பொறுமையும் வேண்டும். ஆனால் தோலைத் தொடுவதற்கு முதலே பிரைட்னஸைத் தூக்குவது ஒரு சடங்காகிவிட்டது. யார் முகம், எந்த வெளிச்சம் என்று பார்ப்பதே இல்லை, முதலில் வெளுக்க வேண்டும். ரஜினிகாந்த், விஜயகாந்த், தனுஷ், விஜய் சேதுபதி என்று கறுத்த முகங்களைத் திரையில் கொண்டாடிய சனம் நாங்கள். அதே முகங்களை எங்கள் கையால் கீறும்போது மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிவிடுகிறோம். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், களுவாஞ்சிக்குடியில் இருந்து ஓடர் தருகிற ஒரு சாதாரணப் பிள்ளையின் முகம் என்ன ஆகும்?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இப்படிச் செய்வது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. தமிழ் சினிமாவுக்கு இயல்பான வெளிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர் எங்கள் ஊர்க்காரர். பாலு மகேந்திரா 1939இல் அமிர்தகழியில் பிறந்தார், புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். பிறகு பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்து, 1974இல் வந்த 'நெல்லு' என்ற மலையாளப் படத்தில் ஒளிப்பதிவாளரானார். 'கோகிலா', 'மூன்றாம் பிறை' இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான இந்தியத் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. மகேந்திரன் இயக்கி, இவர் ஒளிப்பதிவு செய்த 'முள்ளும் மலரும்' (1978) படத்தில் ரஜினிகாந்தின் முகத்தைப் பாருங்கள், பின்னால் 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். ஜன்னல் வழியாக, வாசல் வழியாக என்ன வெளிச்சம் வருமோ அந்த வெளிச்சத்தில் அந்த முகங்கள் இருக்கின்றன. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது. 2014இல் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் பிறந்த மண்ணில் இருந்து நாங்கள் பிரைட்னஸைத் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கறுத்த தோலை எப்படிக் கீறுவது? இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. யூடியூப்பில் கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், நிழலுக்குக் கறுப்பு நிறத்தை எடுக்காதீர்கள். மல்டிப்ளை லேயரில், அதாவது கீழே இருக்கிற நிறத்தை இருட்டாக்குகிற லேயரில், கறுப்பை ஊற்றினால் முகம் சாம்பல் பூசின மாதிரி செத்துப்போகும். மனிதத் தோல் வெள்ளையோ கறுப்போ, நிறச்சக்கரத்தில் பெரும்பாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே செம்மஞ்சள் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆளுக்காள் பெரிதாக மாறுவது அதன் வெளிச்ச அளவும் செறிவும்தான். ஆகவே நிழலுக்குப் போகும்போது செம்பழுப்புக்கு, கொஞ்சம் ஊதா கலந்த பழுப்புக்கு இறங்குங்கள். அடுத்தது, மினுக்கம். கறுத்த தோல் குறைவான வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், மேலே எண்ணெய்ப்பசையில் தெறிக்கிற மினுக்கம் அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். கன்னமேட்டில், மூக்கு நுனியில், நெற்றியில், கீழுதட்டில் அந்த மினுக்கத்தைச் சரியான இடத்தில் வைத்தால் முகம் எழும்பி நிற்கும். அது வெறும் வெள்ளையும் இல்லை. எதன் வெளிச்சம் விழுகிறதோ அதன் நிறம்தான் அதற்கு. வெளியில் நிழலில் நிற்கிற ஆளின் நெற்றியில் வானத்து நீலம் இருக்கும். செம்மண் ஒழுங்கையில் நிற்கிறவரின் தாடைக்குக் கீழே மண்ணின் சிவப்பு ஏறும்.

எங்களுக்கு இதற்கு நல்ல வசதி இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கல்லடியில் பின்னேரம் வாவிக் கரையில் மேற்குப் பக்கம் பார்த்து ஒருவரை நிற்க வைத்தால், சூரியன் நேரே முகத்திலும், தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழிருந்து கழுத்திலும் விழும். சினிமாக்காரர்கள் வெள்ளை போர்ட் பிடித்துச் செய்கிற வேலையை வாவி சும்மா செய்து தருகிறது. ஓடர் தருகிறவர்களிடம் இப்படி ஒரு போட்டோ கேளுங்கள். பியூட்டி மோடை நிறுத்திவிட்டு, போனின் பின்பக்கக் கமராவால் எடுக்கச் சொல்லுங்கள். செல்பிக் கமரா பாதி வெளுப்பை முதலே செய்து முடித்துவிடும்.

இனி, கேட்கிறவர்கள் பக்கம். "மனே, புள்ளைய கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க, பெனர்ல கறுப்பா விழுந்தா சனம் என்ன சொல்லும்?" என்று ஒரு தாய் கேட்டால் அவவோடு எனக்குச் சண்டை இல்லை. அவவுக்குப் பின்னால் ஒரு பெரிய பழக்கம் நிற்கிறது. போட்டோ என்ற தொழில்நுட்பமே நெடுங்காலம் வெள்ளைத் தோலை அளவாக வைத்து வந்தது. கொடாக் நிறுவனம் கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயரால் அதை ஷெர்லி கார்ட் என்றே சொன்னார்கள். கறுத்த முகங்கள் அந்த ஃபிலிமில் விவரமில்லாமல் விழுந்தன. மரத் தளபாடக்காரர்களும் சொக்லேட் கம்பனிக்காரர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிம் திருந்தத் தொடங்கியது. மனித முகத்துக்காகத் திருந்தவில்லை. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

பெனர் அடிக்கிற இடத்திலும் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. திரையில் மூன்று நிற ஒளியால் தெரிகிற பழுப்பு, பிரிண்டில் நான்கு நிற மையாக மாறும்போது இருண்டு கலங்கிவிடும். அதற்குப் பயந்துதான் டிசைன் செய்கிற பொடியன்கள் முதலே வெளுத்துவிடுகிறார்கள். பயம் நியாயம், மருந்து பிழை. நிறத்தைத் தொடாமல் நடுத்தர வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். முகத்துக்குப் பின்னால் இருட்டைப் போடாமல் வெளிச்சமான வானத்தைப் போடுங்கள். முகத்தின் ஓரத்தில் ஒரு விளிம்பு வெளிச்சம் கொடுங்கள், போஸ்டர் பாணிக்கும் அது பொருந்தும். பெரிதாக அடிக்க முதல் ஒரு சிறு துண்டு அடித்துப் பாருங்கள். கறுத்த பிள்ளை பெனரில் கறுப்பாகவும் தெளிவாகவும் வரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது இறந்தவர்களின் படம். 2004 சுனாமி நாவலடி, டச்பார், கல்லடிப் பக்கம் ஆட்களோடு சேர்த்து அல்பங்களையும் கொண்டுபோனது. இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள், யாரோ சொந்தக்காரர் வீட்டில் தப்பின ஒரு கல்யாணப் போட்டோவின் மூலையில் நிற்கிற முகத்தைக் காட்டி "இத பெரிசாக்கிக் கீறித் தாங்க" என்று வருகிறார்கள். அந்த முகம் நகமளவுதான் இருக்கும். நிறம் மங்கி மஞ்சளாகியிருக்கும். அதிலிருந்து ஒரு ஆளை எழுப்ப வேண்டும். அப்போது நான் கேட்கிற கேள்வி, "உங்கட பிள்ளையள்ல ஆர் அவர்ர நிறம்?" என்பதுதான். உடனே சொல்லிவிடுவார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மூத்தவன், அல்லது தங்கச்சியின் மகள். அந்த ஆளை ஜன்னலோரத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, அந்தத் தோலில் இருந்து நிறம் எடுத்துக் கீறுவேன். கடலில் காய்ந்து கறுத்த ஒரு மனிதரை நாங்கள் வெளுத்துக் கொடுத்தால், அவரைக் காணாமலே வளர்ந்த பேரப்பிள்ளைக்கு அதுதான் அவர் முகம் ஆகிவிடும். அந்தப் பொறுப்பை நினைத்தால் கை நடுங்க வேண்டும்.

ஏஐயைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 மார்ச் மாதம் சாட்ஜிபிடியில் போட்டோவை ஏற்றி ஜப்பானியக் கார்ட்டூன் பாணிக்கு மாற்றுகிற அலை அடித்தது, நம் ஊரிலும் எல்லாரும் போட்டார்கள். நான் பார்த்த படங்களில் பல பேரின் முகம் அவர்களை விட்டு எங்கேயோ போயிருந்தது, நிறமும் கூடவே போயிருந்தது. வேகத்தில் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் "ஆர் அவர்ர நிறம்?" என்று அது கேட்காது. நாங்கள் கேட்போம். அந்த வேலைக்குத்தான் எங்களிடம் வருகிறார்கள், விலையும் அதற்குத்தான்.

ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். வருகிற ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குச் சனம் கூடும். காலை வெயிலில் நனைந்த முகங்களைப் போல வெளிச்சம் படிக்க நல்ல இடம் எனக்குத் தெரியாது. சம்மதிக்கிறவர்களைப் போட்டோ எடுத்து, கூத்து அண்ணாவிமார், மீன் விற்கிற அக்காமார், வயல்காரர், ரீச்சர்மார் என்று சினிமா போஸ்டர் பாணியில் ஒரு வரிசை கீறப் போகிறேன். ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508க்கு 4961 பிக்சல். ஒருவருடைய நிறத்தையும் தொடமாட்டேன். லேயர்களை ஒன்றாக்காமல், தனித்தனியாக இருக்கிற முழு ஃபைலையும் பழகுகிற பிள்ளைகளுக்குச் சும்மா தருவேன். ஃபோட்டோஷொப் வாங்க வேண்டியதில்லை, கிரிட்டா என்கிற கீறுகிற மென்பொருள் இலவசம், அதில் திறக்கும். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறவர்கள், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் இருந்து கீறுகிறவர்கள் யாராவது சேர விரும்பினால் எனக்கு எழுதுங்கள். பென் டப்லெட் இல்லாமல் போனில் விரலால் கீறுகிறவர்களும் வரலாம்.