ஆல்புமின் மருந்தில் எச்.ஐ.வி. தங்கிவிடுமா?

ஆல்புமின் என்பது இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து, ஈரல் நோயாளிகள் போன்றோருக்கு மருந்தாகக் கொடுக்கப்படும் புரதம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், "ஆல்புமினை 0.2 மைக்ரான் சவ்வில்தான் வடிகட்டுகிறார்கள், எச்.ஐ.வி. அதைவிடச் சிறியது, ஆகவே மருந்திலேயே தங்கிவிடும்" என்ற செய்தி பரவுகிறது. ஈரல் நோயாளி ஒருவர் இதற்கு அஞ்சித் தமக்குத் தேவையான மருந்தை மறுத்துவிடக் கூடும் என்பதே நம் கவலை.

அளவைப் பற்றிய கூற்று சரி, முடிவு தவறு. அந்தச் சவ்வு பாக்டீரியாக்களைத் தடுப்பதற்கானது. தானமாகப் பெறும் பிளாஸ்மா முதலில் கிருமிப் பரிசோதனைக்கு உட்படுகிறது. குளிர்ந்த எத்தனாலால் புரதங்கள் பிரிக்கப்பட்ட பின், ஏறத்தாழ 66,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள ஆல்புமினை நிறுத்திக்கொண்டு எத்தனாலையும் உப்பையும் வெளியேற்றும், இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட வேறொரு சவ்வில் கரைசல் செறிவாக்கப்படுகிறது. பின்னர், ஆல்புமின் திரிந்துவிடாதிருக்கக் காப்ரிலேட் போன்ற பொருள் சேர்த்து, 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்குகிறார்கள். எச்.ஐ.வி.யைச் செயலிழக்கச் செய்யும் முக்கியப் படி இந்தச் சூடுதான்.