கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு ஆத்தங்குடிக்கு வாருங்கள்

வடிவமைப்பு படிக்கும் மாணவி ஒருவர் தம் ஆய்வுக்காகக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். தொழில்முறை வடிவமைப்பாளர்கள் ஒரு யோசனையை எப்படி வளர்த்தெடுக்கிறார்கள் என்பதுதான் பொருள். காரைக்குடியில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவன் என்ற முறையில் எனக்கும் வந்தது. உழைத்துத் தயாரித்த கேள்விகள். ஆனாலும் முதல் கேள்வியிலேயே எனக்கு வருத்தம்: "உங்களுக்கு யோசனை எங்கிருந்து தோன்றுகிறது?"

வேலை முடிந்த பிறகு இப்படிக் கேட்டால் யாரும் ஒழுங்கான கதையைத்தான் சொல்வார்கள். முதலில் தேடல், பிறகு வரைபடம், பிறகு மாதிரி, கடைசியில் முடிவு. கிழித்துப் போட்ட தாள்கள் அதில் இடம்பெறாது. கேட்ட நிறத்தில் கல் கிடைக்காததால் மாற்றிய தரையும், அந்த மாற்றத்தால் வீடே அழகானதும் வராது. பொய் சொல்வதில்லை, நினைவு அப்படித்தான் அடுக்கிக்கொள்கிறது.

ஆகவே வேலை நடக்கும்போதே பார்க்க வேண்டும். ஆய்வாளர்களுக்கு இது புதிதல்ல. 1994இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நடந்த ஆய்வரங்கத்துக்காக, மலைச் சைக்கிளில் முதுகுப்பையைப் பொருத்தும் ஒரு சாதனத்தை வடிவமைக்கும் வேலையை வடிவமைப்பாளர்களிடம் கொடுத்தார்கள். தனியாக வேலை செய்தவர் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தார். மூவர் குழு தங்களுக்குள் பேசிக்கொண்டு செய்தது. எல்லாம் வீடியோவாகப் பதிவானது. அந்த ஒரே பதிவுகளைப் பல ஆய்வாளர்கள் தனித்தனியே அலசினார்கள். சுமார் இரண்டு மணி நேர வேலைக்குள் அத்தனை பேருக்கும் பார்க்க விஷயம் இருந்தது.

என் இன்னொரு வருத்தம் பெரியது. அந்த மாணவி நேர்காணப் போகிறவர்களின் பட்டியலில் சென்னை, பெங்களூரு அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. காரைக்குடிக்குப் பக்கத்தில், கையால் வண்ணத் தரைக்கல் வார்க்கும் ஊரான ஆத்தங்குடியிலிருந்து ஒருவர்கூட இல்லை. அங்கே பட்டறையில் இருப்பவரைக் கைவினைஞர் என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

அவர் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றுகிறார். அச்சைத் தூக்கியபின் சிமென்ட்டும் மணலும் உலர்வாகத் தூவி, மேலே ஈரக் கலவை பரப்பி மட்டம் செய்கிறார். சூளை கிடையாது, காய்ந்த பின் தண்ணீரில் கிடந்து இறுகுகிறது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாகிறது. வேலை முடியும்வரை கல்லின் முகம் கீழ்நோக்கித்தான் இருக்கும். அவர் தொட்டுக்கொண்டிருப்பது முதுகுப்புறம். அச்சில்லாமல் கையாலேயே வண்ணத்தை இழுத்துக் கோலம் போடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அழித்து எழுத நேரமில்லை.

சில வடிவங்களில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும். நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப்பூ. ஆக, ஒரு கல்லை வார்க்கும்போதே கூடம் முழுவதையும் மனத்தில் விரித்துவைத்திருக்க வேண்டும். இதை வடிவமைப்புச் சிந்தனை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கும் இதே கணக்குத்தான்: கட்டம் எவ்வளவு, கரை எவ்வளவு, அரக்குக்குப் பக்கத்தில் மஞ்சளா கருப்பா என்பதெல்லாம் பாவு ஓட்டுவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தக் கட்டத்தை யோசித்தவருக்கு இன்னும் இல்லை.

அந்தத் தங்கைக்கு எழுதிய பதிலில் சொன்னது இதுதான். ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் உட்காருங்கள். யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இந்தப் பச்சையை ஏன் ஒதுக்கினீர்கள், இந்த அச்சை ஏன் இப்போது எடுப்பதில்லை என்று கேளுங்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவராக இருந்தால் உங்களுக்காக நிறுத்திய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அவர் சம்மதித்தால் ஆய்வேட்டில் அவர் பெயரை, சென்னை அலுவலகத்தார் பெயர்கள் இருக்கும் அதே பட்டியலில், வடிவமைப்பாளர் என்றே எழுதுங்கள்.